கண்ணாடி இங்கே, கால்கள் அங்கே

ஜனவரி 8

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

அண்ணி எழுதுவது. உங்களோடு இனிமேல் பேச மாட்டேன் என்று போன வாரம் ஃபோனில் சொன்னேன். அந்தப் பேச்சில் மாற்றம் இல்லை. ஆனால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று வாக்கியம் பேசிவிடுகிறீர்கள். காகிதத்தில் அந்த வேலை நடக்காது.

விஷயம் மேஜைதான். பழைய ஹோட்டலை இடிப்பதற்கு முன்னால், வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் முதலாளி சொன்னார். சமையல்காரர் ஃபிரிட்ஜை எடுத்தார். காவலாளி கட்டிலை எடுத்தார். வரவேற்பில் நின்ற உங்கள் அண்ணன், லாபியில் கிடந்த காபி மேஜையைத் துண்டு துண்டாகக் கழற்றி, நம் வாசல் வரை கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். "கைக்குழந்தை இருக்கிற வீட்டுல கண்ணாடி மேஜையா?" என்று நான் கேட்டது உண்மை. "சரி, தங்கச்சி வீட்டுல பத்திரமா இருக்கட்டும். பையன் பெரியவனானதும் எடுத்துக்கலாம்" என்றார். பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

என் தையற்கடைக்கு வருகிற ஒரு அம்மா வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதில் முழுப் பக்கத்துக்கு நம் மேஜை. அதே வளைந்த வால்நட் மரம், அதே விளிம்பு உருண்ட தடிக் கண்ணாடி. அறுபதுகளில் மிலான் நகரத்து வடிவமைப்பாளர் ஒருவர் செய்ததாம், உலகத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறதாம். அந்தப் பக்கத்தை உங்கள் அண்ணனிடம் காட்டினேன். மறுநாளே வேன் பிடித்து உங்கள் ஊருக்கு வந்தார். திரும்பி வந்தபோது வேனில் கண்ணாடி மட்டும் இருந்தது. மரம் எங்கே என்றால், "வேன்ல இடம் இல்ல" என்கிறார். அந்த வேனில் ஒரு யானையை ஏற்றலாம்.

இதெல்லாம் போதாதென்று நீங்கள் ஃபோன் செய்து, "கண்ணாடி எப்ப வரும்?" என்று என்னையே கேட்கிறீர்கள். அது எங்கேயும் வராது. அது வந்துவிட்டது. மரத்தை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி


ஜனவரி 14

அன்புள்ள அண்ணி,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் எவ்வளவு என்று அதிலேயே புரிந்துவிட்டது.

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். கண்ணாடி போன அன்று மாலை என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். நாள் முழுக்கப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டு விசில் ஊதிய களைப்பு. செய்தித்தாளைப் பிரித்தபடியே, கையிலிருந்த காபியை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார். அந்த இடம் இல்லை. காபி நேராகத் தரைக்குப் போனது. இது முதல் நாள். இரண்டாம் நாள் சாவி, மூன்றாம் நாள் அவருடைய மூக்குக் கண்ணாடி. நான் வேலை செய்வதே மூக்குக் கண்ணாடிக் கடையில் என்பதால் பிழைத்தோம். இப்போது கூடத்தில் மரம் மட்டும் மூன்று கால் மிருகம் மாதிரி நிற்கிறது. பூனை அதற்குள் படுத்துக்கொண்டு எங்களை உள்ளேயிருந்து பார்க்கிறது.

இனி மேஜை கதைக்கு வருகிறேன். அண்ணன் உங்களிடம் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் என் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு, வெறுங்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மட்டும் வந்தார். இந்த மேஜையைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினார். "உன் வீட்டுக்கு முதல் சாமான் இது. உனக்குத்தான்" என்றார். பத்திரமாக வைத்திரு என்று சொல்லவே இல்லை. நம் வீட்டிலிருந்து வேறு யாரும் வரவில்லை. நீங்களும்தான்.

இப்போது வேனோடு வந்தபோது, "மேஜை மங்கிப்போச்சு, எடுத்துட்டுப் போய் பாலிஷ் போட்டுக் கொண்டாறேன்" என்றார். மரத்தை நான் வாரம் தவறாமல் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன், அதற்குப் பாலிஷ் வேண்டாம் என்றேன். "சரி, கண்ணாடியை மட்டுமாவது குடு, கீறல் இருக்கு" என்றார். கீறல் எது, கைரேகை எது என்று தெரியாமலா நான் கடையில் நிற்கிறேன்? இருந்தாலும் அண்ணனாயிற்றே என்று கொடுத்தேன். பாலிஷ் முடிந்ததா என்று கேட்கத்தான் ஃபோன் செய்தேன்.

மரம் வராது, அண்ணி. கண்ணாடியைத் துணியில் சுற்றி அனுப்புங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


ஜனவரி 21

நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்தேன். படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரம்.

உங்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று இத்தனை வருஷமாக மனதில் வைத்திருக்கிறீர்கள். எனக்குச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? "அவங்க ரெண்டு பேரும் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு முடிச்சிட்டாங்க. யாரும் வர வேண்டாம்னுட்டா." வர வேண்டாம் என்று சொன்னவள் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அன்று அழுதேன். "நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று உங்கள் அண்ணன் கிளம்பினார். திரும்பி வந்து, "சந்தோஷமா இருக்காங்க" என்றார். மேஜையைப் பற்றிக் கேட்டதற்கு, பத்திரமாக இருக்கிறது என்றார்.

அதாவது, உன் அழுகைக்குப் பயந்து உன்னிடம் ஒன்று, என் சண்டைக்குப் பயந்து என்னிடம் ஒன்று. (கவனித்தேன், "உன்" என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை. விடு.)

இதையெல்லாம் அவரிடம் கேட்டாயா என்று நீ கேட்பாய். எங்கே கேட்பது? பழைய ஹோட்டல் போனபின் அந்த லாட்ஜில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நாங்கள் வாசலில் சாவி மாற்றிக்கொள்கிற தம்பதி. அவர் விடிந்து வருவார், நான் கடைக்குக் கிளம்புவேன். நான் வருவேன், அவர் கிளம்புவார். நேற்று வாசற்படியிலேயே மடக்கினேன்.

"உங்க தங்கச்சிகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்?"

"அதைத்தானே கேக்கறேன்?"

"நீ என்ன சொல்லச் சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல!"

"சரி, அப்ப நானும் ஒண்ணும் சொல்லல."

போய்ப் படுத்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன், கால் இரண்டும் வீங்கியிருந்தன. அதற்கு மேல் கேட்காமல் கடைக்குக் கிளம்பினேன்.

ஆனால் ஒன்று. அவர் சொன்னது பொய்யென்றாலும் பத்திரிகையில் வந்த படம் பொய்யில்லை. மனுஷர் இத்தனை வருஷ உழைப்பில் ஆசைப்பட்டு எடுத்தது அந்த ஒரு சாமான்தான். அது ஒரு நாள்கூட எங்கள் வீட்டில் நின்றதில்லை. இப்போது கண்ணாடியை இரண்டு முக்காலி மேல் போட்டு, கடையில் துணி வெட்டுகிறேன். சாக்குக்கட்டிக் கோடு துடைத்தால் போய்விடுகிறது, கத்தரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இத்தாலிக்காரன் தையற்காரிக்காகவே செய்திருக்கிறான். திருப்பித் தருவதாக இல்லை.

அண்ணி


பிப்ரவரி 2

அண்ணி,

இதை அவசரமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். கையில் கத்தரி இருந்தால் கீழே வையுங்கள்.

நேற்று மதியம் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து ஃபோன். "உங்க அண்ணன் எங்க வீட்டுக்குள்ள வந்து விழுந்துட்டாரு. மரத்தோட."

போட்டது போட்டபடி ஓடினேன். நடந்தது இது. உங்கள் வீட்டுக்காரர் காலையிலேயே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். நான் வேலைக்குப் போகும் வரைக்கும் தெருமுனையில் நின்றிருக்கிறார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்திருக்கிறார். இரண்டு பேருமாக மரத்தைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கியிருக்கிறார்கள்.

அந்த மரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அதில் ஆணி கிடையாது, திருகு கிடையாது. வளைந்த மூன்று துண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். மேலே கண்ணாடி உட்கார்ந்தால்தான் அதன் கனத்தில் இறுகும். கண்ணாடி உங்களிடம். என்னவர் பின்னாலிருந்து "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று விளையாட்டு மைதானத்தில் கத்துவதுபோல் கத்த, அண்ணன் ரைட்டில் திரும்ப, மூன்று துண்டும் மூன்று திசையில் கழன்றுகொண்டன. ஒன்று படியில் சறுக்கிக்கொண்டு போயிருக்கிறது. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்தாரோ இல்லையோ, அது நேரே அவர் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. அதைப் பிடிக்கப் பாய்ந்த அண்ணன் பின்னாலேயே நுழைந்துவிட்டார்.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மரத்துக்கும் கீறல் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நான் வருவதற்குள் அதை மறுபடி கோத்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சமயம் அது படகு மாதிரி இருந்தது. ஒரு சமயம் கொம்பு முளைத்த மான் மாதிரி இருந்தது. கீழ்வீட்டு அம்மா, "அந்தத் துண்டை இப்படி வெச்சுப் பாருங்க தம்பி" என்று யோசனை வேறு சொல்கிறார்.

நான் மூன்று துண்டையும் கோத்து நிறுத்தினேன். பிறகுதான் கேட்டேன்.

"திருடறதுக்கா வந்தீங்க, அண்ணா?"

"சேச்சே. உன்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கலாம்னு இருந்தேன்."

"எப்ப?"

"எடுத்ததுக்கு அப்புறம்."

கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுத்ததும் எல்லா உண்மையும் வந்தது. வழக்கில் முடங்கிக் கிடந்த பழைய ஹோட்டல் இடத்தில் புது ஹோட்டல் எழும்பிவிட்டதாமே? பழைய முதலாளியின் மகள்தான் நடத்துகிறாராம். அப்பா காலத்து மேஜை லாபியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு விசாரித்திருக்கிறார். அண்ணன், "எங்க வீட்லதான் இருக்கு மேடம். சரி, கொண்டாந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உங்களுக்கொரு மேஜை, எனக்கொரு மேஜை, அந்த அம்மாவுக்கொரு மேஜை. இவர் இத்தாலியில் மேஜை செய்கிறவராகவே பிறந்திருக்கலாம்.

உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டீர்களா? உண்மையை எழுதுங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. அன்று கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னது, சிநேகிதருடைய மாமனாருக்கு ஆபரேஷன் என்று. "எப்படி இருக்கார்?" என்று ராத்திரி ஃபோனில் விசாரித்தேன். "மூணு துண்டாப் போயிட்டாரு, இப்ப சேர்த்து வெச்சாச்சு" என்றார். நான் பதறிப்போய் அந்த மாமனாருக்காக வேண்டிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்ததும் கடையைச் சாத்திவிட்டு வந்து எழுப்பினேன். பாயில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் புது ஹோட்டல் அம்மா வரவேற்புக்கு ஒரு பொறுப்பாளர் தேடுகிறாராம். பகல் வேலை. "மேஜையோடு வாருங்கள், பேசலாம்" என்று வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இவரை விட்டால் அந்த மேஜையைத் தெரிந்தவர் யாருமில்லை, அந்த ஹோட்டலைத் தெரிந்தவரும் யாருமில்லை. "முதல்லயே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டேன். "உன்கிட்ட சொன்னா தங்கச்சிகிட்ட கேக்கச் சொல்லுவ. அவகிட்ட கேட்டா குடுத்துடுவா. குடுத்துட்டு அழுவா" என்றார்.

உன்னை எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பகல் வேலை என்றால் உனக்கு என்னவென்று தோன்றலாம். ராத்திரி முழுக்க நின்று நின்று அவர் கால் தூண் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரியில் வீட்டில் ஒரு சத்தம் கேட்டால் நான் எழுந்து உட்கார்ந்து பையனைத்தான் எழுப்புகிறேன். சண்டை போடுவதற்குக்கூட எங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. வேலை கிடைக்காவிட்டால் இப்படியேதான்.

மேஜை எனக்கு வேண்டாம். பத்திரிகையும் வேண்டாம். ஆனால் உன் வீட்டுக்கு வந்த முதல் சாமானைக் கொடு என்று நான் கேட்க மாட்டேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை அவரே போய், மேஜை இல்லை என்று சொல்லிவிடுவார்.

உன் அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

கேட்க மாட்டேன் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மூன்று துண்டையும் தனித்தனியாகப் போர்வையில் சுற்றிவிட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் நிலையம் வரை சுமந்து வருவார், அது அவருக்குத் தண்டனை. நீங்கள் கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஹோட்டல் வாசலுக்கு வந்துவிடுங்கள். சாக்குக்கட்டித் தூள் விளிம்பில் ஒட்டியிருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

இரண்டு நிபந்தனைகள். மேஜையை நாம் கொடுக்கவில்லை, இரவல் தருகிறோம். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவர் எத்தனை வருஷம் நம்மிடம் சொல்லாமல் இருந்தார்! நாம் மூன்று நாள் இருக்க மாட்டோமா?

பூனைக்குத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாத்தனார்


பிப்ரவரி 17

அடியே,

கடைக்கு லீவு இல்லை என்று மதிய பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். நீ போன பிறகு நடந்ததை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

நாம் மரத்தையும் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது உன் அண்ணன் முகத்தைப் பார்த்தாய் அல்லவா? அந்த அம்மாவிடம் "மேஜை வந்து..." என்று ஆரம்பித்தவர், நம்மைக் கண்டதும் "...வந்துடுச்சு மேடம்" என்று முடித்தாரே, அந்த ஒரு விநாடியில் எப்படி மாற்றினார் என்று இன்னும் எனக்கு ஆச்சரியம். நீ மண்டியிட்டுத் துண்டுகளைக் கோத்து, நான் கண்ணாடியை இறக்கி, அது "டொக்" என்று உட்கார்ந்தபோது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த மேஜையை நான் முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நீ ஏன் எழுதவில்லை?

நீ கிளம்பியதும் அந்த அம்மா கேட்டார். "இப்ப இந்த மேஜை யாரோடது?"

"என் மனைவியோடது மேடம்" என்றார் உன் அண்ணன்.

"உங்க தங்கச்சி போகும்போது அவங்களோடதுன்னு சொன்ன மாதிரி இருந்ததே?"

"ஆமாம் மேடம். தங்கச்சியோடது."

"எங்கப்பா இதை யாருக்கும் குடுக்க மனசே வராம குடுத்தார்னு அம்மா சொல்லுவாங்க."

"அதான் மேடம், இது உங்கப்பாவோடதுதான். நாங்க சும்மா வெச்சிருந்தோம்."

எனக்கு வந்ததே கோபம்! வேலையாவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்யாணம், பாலிஷ், யானை ஏறுகிற வேன், சிநேகிதருடைய மாமனார், ஒன்று விடவில்லை. "இந்த மனுஷன் ஆளுக்கொரு பதில் சொல்லி எங்க ரெண்டு பேரையும் இத்தனை வருஷம் ஏமாத்தியிருக்காரும்மா" என்று முடித்தேன். உன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்டார். "இத்தனை வருஷமும் ரெண்டு பேருமே அந்த மேஜை தன்னோடதுன்னு நினைச்சுச் சந்தோஷமாத்தான் இருந்தீங்களா?"

யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன்.

"இங்க நூறு ரூம் இருக்கும்மா. தோட்டத்தைப் பார்த்த ரூம் பத்துதான். மீதி எல்லாம் சுவரைப் பார்த்தது. வர்றவங்க அத்தனை பேரும் தனக்குத்தான் நல்ல ரூம் குடுத்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டுச் சாவியை வாங்கணும். இந்த மாதிரி ஆளைத்தான் நான் ஆறு மாசமாத் தேடறேன்." உன் அண்ணன் பக்கம் திரும்பி, "நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

"சரி மேடம்" என்றார் உன் அண்ணன். வேறென்ன சொல்வார்?

இரவல் என்பதற்கும் அந்த அம்மா ஒப்புக்கொண்டார். எப்போது வேண்டுமானாலும் நாம் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை முதல் தடவையாக விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தார். சாவியை நீட்டினார், நானும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டு வெளியே கிளம்பப் பார்த்தேன். பிறகு இருவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பெண் பார்க்க வந்தவர் மாதிரி சுவரையெல்லாம் பார்த்தார். "ராத்திரியில நம்ம வீடு இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். இப்படித்தான் இருக்கும் என்றேன். "நல்லா இருக்கு" என்றார். எனக்கு ஏனோ வெட்கமாகப் போய்விட்டது. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவாம். என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப் போகிறாராம். கல்யாணமான புதிதில் போனது. புதுச் சேலை எடுத்து வைத்துவிட்டேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

படித்துவிட்டுச் சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். கூடம் காலியாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காபியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குடிக்கப் பழகிவிட்டார். பூனைக்கு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடக் கால்பந்தாட்டம் பார்க்க வருவதாக என் வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். சந்தேகம் வந்து ஹோட்டலுக்கே ஃபோன் செய்து கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வேலைக்கு வருவதாக அந்த அம்மாவிடம் சரி என்றிருக்கிறார்.

அன்று காலை முதல் பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். நீங்கள் புதுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருங்கள். நாங்கள் கதவைத் தட்டினால் நீங்கள் திறக்க வேண்டாம்.

அவர் திறக்கட்டும்.

உங்கள் நாத்தனார்